கடைமடைக்கும் ஒரு முறை

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில், முக்கொம்பு என்னும் இடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடபால் செல்வது கொள்ளிடம்; தென்பால் செல்வது காவிரி. இவ்விரண்டும் அணைத்துக்கொண்ட நிலமே திருவரங்கத் தீவு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விடத்தில் ஒரு பெருங்கவலை நிலவியது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, ஓட்டம் விரைவானது. காவிரியின் படுகையோ வண்டல் படிந்து மேடாகிக்கொண்டே வந்தது. ஆகவே, தஞ்சைத் தரணியின் வயல்களுக்குச் சேர வேண்டிய நீர், பாசனத்திற்குப் பயன்படாமல் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போயிற்று. ஆற்றில் நீர் இல்லாமல் அல்ல, பிரியுமிடத்தில் முறை இல்லாமல் பயிர் வாடியது. 1836ஆம் ஆண்டு ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டி, நீரைக் காவிரிப் பக்கம் திருப்பினார்.

கீழே கல்லணையில் இதே கேள்வி மீண்டும் எழுகிறது. காவிரி, வெண்ணாறு, 1934இல் பாசனத்திற்கு வந்த கல்லணைக் கால்வாய், வெள்ளத்தை ஏற்கும் கொள்ளிடம் எனப் பல திசைகளுக்கு அங்கே நீர் பகிரப்படுகிறது. நீர் குறைந்த காலங்களில் முறைவைத்து விடுவது டெல்டா உழவர்கள் நன்கறிந்த வழக்கம். தலைமடைக்காரர் தாமே எடுத்துக்கொள்ள இயலும். கடைமடைக்காரருக்கோ முறையைத் தவிர வேறு துணை இல்லை.

'முறை' என்னும் நம் சொல்லின் செழுமையை எண்ணிப்பார்க்க வேண்டும். வரிசையில் நமக்கு வரும் வாய்ப்பும் முறையே, ஒழுங்கும் முறையே, நீதியும் முறையே. 'முறைசெய்தல்' என்றால் நீதி வழங்குதல் என்று பொருள். வாய்ப்பும் நீதியும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பது தமிழின் பேறு. இந்தச் சொல்லைக் கையில் ஏந்திக்கொண்டு, முற்றிலும் புதியதாகத் தோன்றும் ஒரு கருவியின் வரலாற்றுக்குள் செல்ல விழைகிறேன். நாம் அலைபேசியில் பேசும் ஒவ்வொரு சொல்லும், அனுப்பும் ஒவ்வொரு படமும் வழியில் பல முக்கொம்புகளைக் கடந்தே செல்கின்றன. சுவிட்ச் என்றும் ரவுட்டர் என்றும் பெயர்பெற்ற அச்சந்திப்புக் கருவிகளில், யாருடைய செய்தி முன்னே செல்வது, யாருடையது காத்திருப்பது என்பது நொடிக்குப் பல இலட்சம் முறை முடிவு செய்யப்படுகிறது. அம்முடிவுக்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு.

சாதாரணம், அவசரம், மின்னல்

டிரங்க் கால் காலத்தை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். திருச்சியிலிருந்து சென்னைக்கோ பம்பாய்க்கோ பேச வேண்டுமெனில், இணைப்பகத்தில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாதாரண அழைப்பு, அவசர அழைப்பு, மின்னல் அழைப்பு என்று தரங்கள் இருந்தன. மின்னல் அழைப்புக்குக் கட்டணம் பன்மடங்கு. ஆனால் விரைவில் கிடைக்கும். 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே எஸ்.டி.டி. வசதி தொடங்கி, பின்னர் நாடெங்கும் பரவிய பிறகே இந்தக் காத்திருப்பு படிப்படியாக மறைந்தது.

அந்த ஏற்பாட்டில் இரண்டு உண்மைகள் அடங்கியிருந்தன. ஒன்று, இணைப்பு கிடைத்துவிட்டால் அக்கம்பி முழுவதும் பேசுபவருக்கே உரியது. அவர் மௌனமாக இருந்தாலும் வேறெவரும் அதைப் பயன்படுத்த இயலாது. மற்றொன்று, யார் முன்னே செல்வது என்பதைப் பெரும்பாலும் பணமே தீர்மானித்தது. எத்தனை பேர் அழைத்தால் எத்தனை கம்பிகள் வேண்டும் என்பதை 1909இலேயே கணிதமாக ஆராயத் தொடங்கியவர், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்னும் டேனிஷ் கணித அறிஞர். வரிசையில் நிற்பதைப் பற்றிய அறிவியல் அவரிடமிருந்தே பிறந்தது எனலாம்.

பொதிகளாகப் பிரிந்த செய்தி

1960களில் ஒரு புதிய எண்ணம் தோன்றியது. அமெரிக்காவில் பால் பாரன் 1964இல் விரிவாக எழுதினார். இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸ் 1965 முதல் தனியே அதே முடிவுக்கு வந்தார். ஒரு நீண்ட கடிதத்தை எண்ணிட்ட பல அஞ்சலட்டைகளாக எழுதி அனுப்பினால் எப்படியோ, அப்படியே செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து அனுப்பலாம். ஒவ்வொரு பொதியும் முகவரியைத் தாங்கிச் செல்லும். சேருமிடத்தில் எண்ணின்படி அடுக்கிக்கொள்ளலாம். கம்பி எவருக்கும் தனியுரிமை அன்று, எல்லாருக்கும் பொது. ஒருவர் மௌனமாக இருக்கையில் மற்றவர் அதைப் பயன்படுத்தலாம். 1969இல் அமெரிக்காவில் அர்ப்பாநெட் இவ்வழியில் இயங்கத் தொடங்கியது. இன்றைய இணையம் அதன் வழித்தோன்றல்.

பொதுச் சொத்து என்றவுடன் பழைய கேள்வி வந்துவிடுகிறது: எவ்வாறு பங்கிடுவது? தொடக்ககால வலைகளில் விடை எளிமையாக இருந்தது. முதலில் வந்த பொதி முதலில் செல்லும்; இடமில்லையெனில் வந்த பொதி கைவிடப்படும். கேட்பதற்கு இது நேர்மையாகத் தோன்றும். ஆயினும் ஒருவர் பத்துப் பொதிகளையும் மற்றொருவர் பத்தாயிரம் பொதிகளையும் கொண்டுவந்து கொட்டினால், வரிசை முழுவதும் இரண்டாமவருடையதாகிவிடும். 'முதலில் வந்தவருக்கு முதலில்' என்னும் விதி, நடைமுறையில் 'மிகுதியாகக் கொட்டியவருக்கு மிகுதியாக' என்றாகிவிடுகிறது.

1986 தந்த பாடம்

1986 அக்டோபரில் கலிபோர்னியாவில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்திற்கும் இடையே ஒரு விந்தை நிகழ்ந்தது. இரண்டுக்கும் இடையே தொலைவு சுமார் 400 கெஜம். நொடிக்கு 32,000 பிட்டுகள் என்ற அளவில் சென்றுகொண்டிருந்த செய்தி, 40 பிட்டுகளாக வீழ்ந்தது. அதாவது எண்ணூறில் ஒரு பங்கு. கம்பி அறுபடவில்லை, கருவி பழுதுபடவில்லை. பொதிகள் சேரவில்லை என்று கண்ட கணினிகள் அவற்றை மீண்டும் மீண்டும் அனுப்பின. அந்த மறு அனுப்புகையே நெரிசலை மேலும் பெருக்கியது. ஒவ்வொருவரும் தத்தம் அளவில் சரியானதையே செய்தார்கள்; கூட்டாக எல்லாரும் தோற்றார்கள்.

வான் ஜேக்கப்சன் 1988இல் இதற்கு மருந்து கண்டார். பொதி தொலைந்தால் அது நெரிசலின் அடையாளம் என்று உணர்ந்து, அனுப்பும் கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வழி தெளிந்தால் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். இணையத்தைக் காத்தது இந்தத் தன்னடக்கமே. ஆனால் தன்னடக்கத்தை மட்டும் நம்பிய எந்தச் சமூகத்திற்கும் நேரும் இடர் இங்கும் உண்டு. அடங்கியவன் விட்டுக்கொடுத்த இடத்தை அடங்காதவன் எடுத்துக்கொள்வான். தலைமடைக்காரன் மனம் வைத்தால்தான் கடைமடைக்கு நீர் என்றால், அது ஈகை, உரிமை ஆகாது. அடங்கி நடப்பவனைக் காக்கும் விதி சந்திப்பிலேயே இருக்க வேண்டும்.

ஓடைக்கு ஒரு முறை

அவ்விதியின் வித்தை 1985 டிசம்பரில் ஜான் நேகிள் என்பவர் ஊன்றினார். சந்திப்புக் கருவியில் நினைவகம் எவ்வளவு பெருகினாலும் நெரிசல் தீராது என்று அவர் காட்டினார். பெரிய கிடங்கு இருந்தால் பொதிகள் தொலையா, ஆனால் காத்துக் காத்துக் காலங்கடந்து பயனற்றவையாகும். ஆகவே அனுப்புநர் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வைத்து, சுழற்சி முறையில் வரிசைக்கு ஒரு பொதியாக எடுத்து அனுப்பலாம் என்றார். இப்போது பத்தாயிரம் பொதிகளைக் கொட்டுபவர் தம் வரிசையையே நீட்டிக்கொள்கிறார். அடுத்தவரின் முறையைப் பறிக்க முடியாது.

இதிலும் ஒரு குறை இருந்தது. எல்லாப் பொதிகளும் ஒரே அளவுடையவை அல்ல. ஒருவர் 1,500 பைட்டுப் பொதியும் மற்றவர் 100 பைட்டுப் பொதியும் அனுப்பினால், ஆளுக்கு ஒரு முறை என்பது பதினைந்து பங்குக்கு ஒரு பங்கு என்றாகிவிடும். 1989இல் ஆலன் டெமர்ஸ், ஸ்ரீநிவாசன் கேசவ், ஸ்காட் ஷெங்கர் ஆகிய மூவர் இதைத் தீர்த்தனர். இவர்களுள் கேசவ் டெல்லி ஐ.ஐ.டி.யில் பயின்றவர். பொதிக்குப் பதிலாகப் பிட்டு பிட்டாகச் சுழற்சி முறையில் அனுப்பினால் ஒவ்வொரு பொதியும் எப்போது முடியும் என்று கணக்கிட்டு, அந்த முடிவு வரிசைப்படியே முழுப்பொதிகளை அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் கண்ட வழி. 'நியாய வரிசை' என்று பொருள்படும் பெயரையே அதற்கு இட்டனர்.

அடுத்துவந்த அபய் பாரேக் என்னும் ஆய்வாளரும் அவருடைய ஆசிரியர் ராபர்ட் கேலகரும், அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில், 1990களின் தொடக்கத்தில் இதைக் கணித உறுதியாக்கினர். செய்தியைத் துளித்துளியாகப் பகிரத்தக்க நீராகவே அவர்கள் கருதினர் என்பது காவிரிக்கரையில் வாழும் நமக்கு இனிய செய்தி. அனுப்புபவர் தம் அளவை மீறாமல் இருந்து, வழியிலுள்ள ஒவ்வொரு சந்திப்பும் அவருக்குரிய பங்கைக் காத்தால், பொதி அதிகப்படியாக எவ்வளவு நேரம் தாமதமாகும் என்பதை முன்கூட்டியே கூறிவிடலாம். பொதிகளாக அனுப்பும் நடைமுறை, நீர் போன்ற அந்த இலட்சியப் பகிர்வை விட, ஆகப் பெரிய ஒரு பொதி கடக்கும் நேரத்திற்கு மேல் ஒவ்வொரு சந்திப்பிலும் பிந்தாது என்றும் நிறுவினர். சேவைத்தரத்திற்கு உறுதி என்னும் சொல் வெறும் விளம்பரமாக இல்லாமல், நிரூபணமாக மாறியது அப்போதுதான்.

ஆனால் இக்கணக்கு விரைவாக இயங்கும் கருவிக்குச் சுமை. 1995இல் ஸ்ரீதர் என்பவரும், பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்ற ஜார்ஜ் வர்கீசும் அதை எளிதாக்கினர். சுற்றுக்கு ஒவ்வொரு வரிசைக்கும் 500 பைட்டு படி என்று கொள்வோம். முன்னே நிற்கும் பொதி 700 பைட்டு எனில் இச்சுற்றில் செல்ல இயலாது. ஆனால் அந்த 500 வீணாகாது, கணக்கில் ஏறும். அடுத்த சுற்றில் 1,000 ஆகும். 700 சென்று 300 மிஞ்சும். வரிசை காலியாகிவிட்டாலோ மிச்சம் அழிந்துவிடும். தேவையோடு காத்திருப்பவரின் பங்கு காக்கப்படும். தேவையின்றிச் சேர்த்துவைத்துப் பின்னர் ஒரே மூச்சில் கொட்ட இடமில்லை. நம் ஊர்ப் பஞ்சாயத்தார் எழுதிய விதிபோல் இது எனக்குத் தோன்றுகிறது.

சந்திப்பின் உள்ளே

வலை விரிந்து, வேகம் பெருகியபோது சந்திப்புக் கருவியின் வயிற்றுக்குள்ளேயே வேறொரு சிக்கல் எழுந்தது. நொடிக்கு 1,000 கோடி பிட்டுகள் பாயும் வழியில் 40 பைட்டுப் பொதி ஒன்று 32 நானோநொடியில் கடந்துவிடும். ஒரு நானோநொடி என்பது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. அதற்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

சத்திரம் பேருந்து நிலையப் பக்கமிருந்து அண்ணா சிலை நோக்கி ஒரே வரிசையில் வண்டிகள் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். முன்னே நிற்பது காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் செல்லும் பேருந்து, பாலத்தில் நெரிசல். பின்னே நிற்பவர் கரூர்ச் சாலைக்குத் திரும்ப வேண்டியவர். அச்சாலையோ காலியாகக் கிடக்கிறது. ஆயினும் அவரால் நகர முடியாது. 1987இல் கரோல், ஹ்லுசிஜ், மோர்கன் என்னும் மூவர் இந்நிலையைக் கணக்கிட்டு, இத்தகைய பெரிய சுவிட்சின் திறனில் ஏறத்தாழ 58.6 விழுக்காடே பயன்படும் என்று காட்டினர். எஞ்சியது முன்னிற்பவரின் பின்னே வீணாகிறது.

செல்லுமிடம் தோறும் தனித்தனி வரிசை அமைப்பதே தீர்வு. ஆனால் அப்போது ஒவ்வொரு கணமும், எந்த நுழைவாயிலை எந்த வெளிவாயிலோடு இணைப்பது என்று பொருத்தம் பார்க்க வேண்டியதாகிறது. நிக் மெக்கியோனும், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற வெங்கட் அனந்தராமும், வேறு இருவரும் 1990களில் ஓர் அரிய உண்மையைக் காட்டினர். மிக நீண்ட வரிசைகளுக்கு முன்னுரிமை அளித்துப் பொருத்தினால், எந்தவொரு வாயிலிலும் அதன் கொள்ளளவுக்கு மேல் சுமை வராத வரை, சுவிட்சின் முழுத்திறனையும் பயன்படுத்தலாம். ஆனால் அவ்விதியில் ஒரு கொடுமையும் மறைந்திருந்தது: சிறு வரிசையில் நிற்கும் ஒற்றைப் பொதி முறையே வராமல் பட்டினி கிடக்க நேரலாம். ஆகவே நீண்ட வரிசைக்குப் பதிலாக, நெடுநேரம் காத்திருந்த பொதிக்கு முன்னுரிமை தரும் விதியையும் அவர்களே முன்வைத்தனர். திறனில் குறைவில்லை, பட்டினியும் இல்லை. ஒட்டுமொத்த விளைச்சல் நிறைவாக இருக்கும்போதே ஒருவர் பட்டினி கிடக்க முடியும் என்பதையும், அதைத் தவிர்க்க விளைச்சலைக் குறைக்க வேண்டியதில்லை என்பதையும் சிந்திக்க வேண்டும்.

1999இல் வெளிவந்த மற்றொரு ஆய்வு சுவைமிக்கது. மெக்கியோன், பாலாஜி பிரபாகர் முதலியோர், 1962இல் கேல், ஷேப்லி என்போர் வகுத்த நிலையான திருமணப் பொருத்தக் கணிதத்தைக் கையாண்டனர். உள்ளே இருமடங்கு வேகம் இருந்தால், எளிய சுவிட்ச் ஒன்றும் இலட்சிய சுவிட்சைப் போலவே ஒவ்வொரு பொதியையும் உரிய கணத்தில் வெளியேற்ற முடியும் என்று காட்டினர். மணமக்களின் பொருத்தத்திற்கு வகுத்த வழி, பொதிகளின் பொருத்தத்திற்கும் உதவியது.

உறுதிமொழியின் விலை

இங்கே ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். வரிசையைச் சீராக்குவதால் கம்பி அகலமாகிவிடாது. மேட்டூரில் நீர் இல்லையெனில் முக்கொம்பின் கதவுகள் நீரைப் படைக்க மாட்டா. தொலைபேசிக் குரல் ஒருவழியில் 150 மில்லிநொடிக்குள் சேர்ந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது அனைத்துலக வரையறை. இவ்வுறுதியை ஒருவருக்குத் தந்தால், இருப்பதற்கு மேல் எவருக்கும் வாக்களிக்கக்கூடாது. வழியெங்கும் முன்பதிவு செய்யும் நெறி 1997இல் வகுக்கப்பட்டது. பொதிகளைச் சில தரங்களாகப் பிரித்து நடத்தும் எளிய நெறி 1998இல் வந்தது. முன்னதில், இடமில்லையெனில் 'இல்லை' என்று சொல்லும் துணிவு வேண்டும். பின்னதில், யார் எந்தத் தரம் என்ற கேள்வி எழுகிறது. ஒருவரை முன்னே விட்டால் மற்றொருவர் பின்னே நிற்பார். எந்த நுண்கணிதமும் இதை மாற்றாது.

எனவே, இது பொறியாளர்களின் கேள்வியாக மட்டும் நிற்கவில்லை. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பொறுத்து இணையக் கட்டணத்தில் வேறுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. 2018 ஜூலையில் இணையச் சமநிலைக் கொள்கையை அரசு ஏற்றது. தொலைவிலிருந்து செய்யும் மருத்துவம் போன்ற சிறப்புச் சேவைகளுக்கு விலக்கும் உண்டு. ஒரே வலையைப் பல துண்டங்களாகப் பிரித்து வெவ்வேறு தரம் அளிக்கும் 5ஜி தொழில்நுட்பம் இவ்விவாதத்தை மீண்டும் எழுப்பியிருக்கிறது. மின்னல் அழைப்பு வேறொரு வடிவில் திரும்புமோ என்பதே அதன் உட்பொருள்.

புனித தாமஸ் அக்குவினாஸ், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, கொடுக்கல் வாங்கலில் உள்ள நீதியையும் பொதுச்சொத்தைப் பகிர்வதில் உள்ள நீதியையும் வேறுபடுத்தினார். கடையில் விலைக்கேற்ற பொருள் என்பது முதல் வகை. பொதுவானதைப் பங்கிடும்போது அந்த அளவுகோல் மட்டும் போதாது. நோயாளியின் இதயத்துடிப்பைத் தாங்கி வரும் பொதியை முன்னே விடுவது முறை. பணம் படைத்தவரின் கேளிக்கையை முன்னே விட்டு, ஊர்ப்புறத்து மாணவியின் பாடத்தைப் பின்னே தள்ளுவது முறையாகுமா? இரண்டும் ஒரே கருவியில், ஒரே கணிதத்தால் நடைபெறக்கூடியவை. நியாய வரிசையிலும் ஒரு கேள்வி இன்னும் தீரவில்லை: யாரை 'ஒருவர்' என்று எண்ணுவது? ஒரே கணினி பத்து இணைப்புகளைத் திறந்தால் பத்துப் பங்கு பெற்றுவிடும். ஒரே நிலக்காரர் பத்துப் பெயரில் முறை கேட்பதைப் போல. எண்ணுவது எதை என்பதை மனிதரே தீர்மானிக்க வேண்டும்.

2018 ஆகஸ்டு 22 அன்று, காட்டன் கட்டிய 182ஆம் ஆண்டில், முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் உடைந்து வீழ்ந்தன. அவ்வாண்டு ஆற்றில் வெள்ளம் பெருகியே வந்தது. ஆயினும் முறைப்படுத்தும் இடம் தளர்ந்ததால் கொள்ளிடம் மீண்டும் தன் போக்கில் பாயத் தொடங்கியது. அவசரமாகத் தடுப்புகள் அமைத்தனர். பின்னர் புதிய கதவணை எழுந்தது. முறை என்பது ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடும் பொருள் அன்று. காவல் வேண்டும், பழுது பார்க்க வேண்டும், யாருக்காக என்று அடிக்கடி கேட்டுக்கொள்ளவும் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சுவிட்சுகளுக்கும் இது பொருந்தும். கடைமடை வயலில் நிற்பவர், மேட்டூரில் எத்தனை அடி நீர் என்று கேட்டு அமைவதில்லை. தம் வாய்க்காலில் நீர் எந்த நாளில் வரும் என்றே கேட்கிறார். வலையின் கடைக்கோடியில் இருப்பவர் கேட்பதும் அதையேதான்.